சாரதா சட்டமும் பதினான்கு வயதுத் தாய்மார்களும்

பள்ளியில் வரலாறு படித்த எல்லோருக்கும் இந்த ஒரு வரி நினைவிருக்கும். "சாரதா சட்டம் - 1929 - குழந்தைத் திருமணத் தடை." இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். சாரதா என்பது யாரோ ஒரு அம்மையாரின் பெயர் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதி முடித்தவர்களும் உண்டு! அவர் பெண் அல்ல. ஆஜ்மீரைச் சேர்ந்த ஹர் பிலாஸ் சார்தா என்ற மத்திய சட்டசபை உறுப்பினர். சார்தா தமிழுக்கு வந்ததும் சாரதா ஆகிவிட்டார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது வருடச் சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையின் நடுவில் இருந்த விஷயத்தைப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு தாண்டிப் போய்விடுகின்றன. பதிமூன்று, பதினான்கு வயதில் கர்ப்பமாகி, பிரசவத்தில் செத்துப்போன பெண்கள்தான் அந்த விஷயம். "டீன் ஏஜ் கர்ப்பம்" என்றதும் நமக்கு அமெரிக்கப் படங்களும் பள்ளிக்கூடக் காதலும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நம் ஊரில் அது தாலி கட்டிய பிறகு, ஊர் கூடி வாழ்த்திய பிறகு நடந்தது. அதனால் அதை ஒரு பிரச்சினையாகப் பார்க்கவே யாருக்கும் தோன்றவில்லை. அது எப்படி எல்லோரும் பேசும் பிரச்சினையாக மாறியது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 1897-ல் பாரதியாருக்குத் திருமணம் நடந்தபோது அவருக்கு 14 வயது, செல்லம்மாளுக்கு 7. கணித மேதை ராமானுஜன் 1909-ல் ஜானகியை மணந்தபோது ஜானகிக்கு 10 வயது. காந்திக்கு 13 வயதில் திருமணம், கஸ்தூர்பாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. 1885-ல் அவர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோனது. அப்போது இருவருக்கும் 16 வயதுதான் இருக்கும். பிற்காலத்தில் காந்தி இதை வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். பெரிய மனிதர்கள் என்பதால் இவர்கள் கதை நமக்குத் தெரிகிறது. மற்றவர்கள் கதையை யார் எழுதி வைத்தார்கள்?

"அப்போதெல்லாம் கல்யாணம் மட்டும்தான் சின்ன வயதில், பெண் வயதுக்கு வந்த பிறகுதான் புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல குடும்பங்களில் அது உண்மைதான். பெண் ருதுவான பிறகு சாந்தி முகூர்த்தம் என்று தனியாக ஒரு நாள் பார்த்தார்கள். ஆனால் 12, 13 வயதில் பெண் ருதுவாகி, உடனே புருஷன் வீட்டுக்குப் போனால், 14 வயதில் பிரசவம். வயதுக்கு வருவதும் பிள்ளை பெறுவதற்கு உடம்பு தயாராவதும் ஒன்றல்ல. இடுப்பெலும்பு முழுதாக வளர அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் பிரசவம் வந்தால் குழந்தையின் தலை வெளியே வர வழியில்லாமல் நாள்கணக்கில் வலியோடு கிடக்க வேண்டி வரும். பிழைத்தாலும் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்து, ஆயுள் முழுக்கச் சிறுநீர் ஒழுகும் நிலை வரலாம். இரத்த சோகை, இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருதல், எடை குறைந்த குழந்தை என்று பட்டியல் நீளும். 15 முதல் 19 வயதுப் பெண்களின் மரணத்துக்கான முக்கியக் காரணங்களில் கர்ப்பமும் பிரசவமும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்கிறது. இன்றே இப்படி என்றால், ஆபரேஷனும் இரத்தம் ஏற்றுவதும் இல்லாத காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொன்னது? 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் ஒரு வயது வைத்தது. மனைவியாகவே இருந்தாலும் அந்த வயதுக்குக் கீழ் உள்ள பெண்ணோடு உறவு கொண்டால் குற்றம். அந்த வயது எவ்வளவு தெரியுமா? பத்து!

1880-களில் இரண்டு பெண்களைப் பற்றி இந்தியா முழுக்கப் பேசினார்கள். ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. 9 வயதில் திருமணம், 14 வயதில் ஒரு ஆண் குழந்தை. அந்தக் குழந்தை பத்து நாள்தான் உயிரோடு இருந்தது. சரியான வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை. அமெரிக்கா போய், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் 1886-ல் பட்டம் வாங்கினார். அவர் ஆய்வுக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பே இந்துப் பெண்களின் பிரசவ முறைகள் பற்றியது. திரும்பி வந்த சில மாதங்களில், 1887 பிப்ரவரியில், 22 வயதுகூட நிரம்பாமல் காசநோயால் இறந்துபோனார்.

இன்னொருவர் ருக்மாபாய். 11 வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். வளர்ந்த பிறகு கணவன் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். கணவர் 1884-ல் பம்பாயில் வழக்குப் போட்டார். முதலில் ருக்மாபாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்பீலில் அது ரத்தானது. 1887 மார்ச்சில், கணவனோடு போய் வாழ வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதம் ஜெயில் என்று கோர்ட் சொன்னது. சரி, ஜெயிலுக்கே போகிறேன் என்றார் ருக்மாபாய். (அந்தக் காலத்தில் இப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!) கடைசியில் 1888-ல் கணவர் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார். ருக்மாபாய் லண்டன் போய் டாக்டருக்குப் படித்து, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். 1955 வரை வாழ்ந்தார்.

இருவருமே டாக்டர் ஆனது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வருபவர்கள் பெண் டாக்டர்கள்தான்.

1890-ல் கல்கத்தா நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. புல்மோனி தாசி என்ற சிறுமி, வயதில் மிகவும் மூத்த கணவனின் வன்முறையால் இரத்தப்போக்கில் இறந்துபோனாள். அவளுக்கு வயது பத்தைத் தாண்டியிருந்தது. சட்டத்தில் எழுதியிருந்தது பத்து என்பதால் அது பாலியல் வன்முறைக் குற்றமாகவே கருதப்படவில்லை! கணவனுக்கு ஒரு வருடம் கடுங்காவல், அவ்வளவுதான். இதற்குப் பிறகு இந்தியாவில் வேலை பார்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டு வைஸ்ராய்க்கு ஒரு மனு அனுப்பினார்கள். தாங்கள் மருத்துவமனையில் நேரில் பார்த்த சிறுமிகளின் காயங்களையும் மரணங்களையும் ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். அதுவரை இந்த விவாதம் சாஸ்திரம் என்ன சொல்கிறது, அரசாங்கம் மதத்தில் தலையிடலாமா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பெண்ணின் உடம்புக்கு என்ன ஆகிறது என்ற கேள்வியை மேசைமேல் வைத்தவர்கள் அந்த டாக்டர்கள்தான் என்பது என் கருத்து.

1891 ஜனவரியில் மசோதா வந்தது, மார்ச்சில் நிறைவேறியது. பத்து என்பது பன்னிரண்டு ஆனது. இந்த இரண்டு வருடத்துக்கு வங்காளத்திலும் பூனாவிலும் எழுந்த எதிர்ப்பைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். கல்கத்தாவில் பெரிய பெரிய கூட்டங்கள் நடந்தன. திலகர் கடுமையாக எதிர்த்தார். குழந்தைத் திருமணம் நல்லது என்று அவர் வாதாடவில்லை, அந்நிய அரசாங்கம் நம் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்றுதான் வாதாடினார். அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றும், புல்மோனியை மறந்துவிட்டால்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் நம் பக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு சம்பவம். ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஒருவரின் மகள். இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லாமல், நோயுற்ற அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண். ஒரு ராத்திரி ஒரு பிராமண இளைஞர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தன் மனைவியைப் பார்க்க வரும்படி ஐடாவைக் கூப்பிட்டார். அந்த மனைவிக்கு வயது 14. நான் டாக்டர் இல்லை, என் அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதே ராத்திரி இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அப்படித்தான் பிறந்தது. அவரே பிற்காலத்தில் பலமுறை சொன்ன கதை இது. சி.எம்.சி.க்குப் போய் வந்த நம்மில் எத்தனை பேருக்கு, அந்த ஆஸ்பத்திரியின் தொடக்கத்தில் ஒரு 14 வயதுக் கர்ப்பிணி இருக்கிறாள் என்பது தெரியும்?

சரி, சட்டத்துக்கு வருவோம். 1891-க்குப் பிறகு முப்பது வருடம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1925-ல் மனைவிக்கு 13, மற்றவர்களுக்கு 14 என்று வயதைக் கொஞ்சம் ஏற்றினார்கள். ஆனால் அந்த முப்பது வருடத்தில் வேறு ஒன்று மாறியிருந்தது. பெண்கள் படித்திருந்தார்கள், சங்கம் வைத்திருந்தார்கள். 1917-ல் சென்னை அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. 1927-ல் பூனாவில் அகில இந்திய மாதர் மாநாடு கூடியது. 1891-ல் பெண்களைப் பற்றி ஆண்கள் பேசினார்கள் என்றால், இப்போது பெண்களே பேச வந்துவிட்டார்கள்.

அதில் முக்கியமானவர் நம் புதுக்கோட்டைக்காரர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், தானே 28 வயதில் திருமணம் செய்துகொண்டவர். சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண். பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என்று திருமண வயதை உயர்த்தச் சொல்லி 1928-ல் தீர்மானம் கொண்டுவந்தார். பிரசவ வார்டில் பார்த்ததைச் சபையில் வந்து பேசும் ஒரு டாக்டரை எதிர்த்துச் சாஸ்திரம் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலும் பெண்களின் திருமண வயது 16-க்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் சார்தா தன் மசோதாவோடு வருகிறார் (1927). அவருடைய முதல் மசோதா இந்துக்களுக்கு மட்டுமானது. அதன் முக்கிய நோக்கமும் பிரசவ மரணத்தைத் தடுப்பது அல்ல, குழந்தை விதவைகள் உருவாவதைத் தடுப்பது. அதே வருடம் காதரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி "மதர் இந்தியா" என்ற புத்தகத்தை வெளியிட்டார். இந்தியர்களைக் கேவலமாகச் சித்தரித்த புத்தகம். சாக்கடை இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் என்று காந்தி தலைப்பு வைத்து விமர்சனம் எழுதினார். மாதர் சங்கங்களும் மேயோவைக் கண்டித்தன. அதோடு நிற்காமல், அந்தக் கொடுமை இருப்பது உண்மை, அதை நிறுத்த நாங்கள் கேட்கும் சட்டத்தைக் கொடுங்கள் என்று அரசாங்கத்தின் பக்கம் திரும்பின. இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியாள் திட்டியதற்காக வீட்டுக் குப்பையை இல்லை என்று அவர்கள் சாதிக்கவில்லை.

அரசாங்கம் 1928-ல் சர் மோரோபந்த் ஜோஷி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. ராமேஸ்வரி நேருவும், சென்னை விக்டோரியா மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த பெண் டாக்டர் ஓ'பிரையன் பீடனும், ஆற்காடு ராமசாமி முதலியாரும் அதில் இருந்தார்கள். (விக்டோரியா என்பது வேறெங்கும் இல்லை, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிதான்.) கமிட்டி ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்தது. டாக்டர்கள், மருத்துவச்சிகள், வக்கீல்கள், பண்டிதர்கள் என்று எல்லோரும் வந்தார்கள்.

1929-ல் வந்த அறிக்கையில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, சிறுவயதுத் தாய்மைதான் பெரிய கொடுமை என்று நேரடியாகச் சொன்னது. உடன்கட்டை ஏறுவதைத் தடுக்கச் சட்டம் போட்டது நியாயம் என்றால், இதைத் தடுக்கச் சட்டம் போடுவதும் நியாயமே என்று வாதிட்டது. குழந்தை விதவையில் தொடங்கிய பேச்சு குழந்தைத் தாயிடம் வந்து சேர்ந்துவிட்டது!

இரண்டாவது இன்னும் சுவாரசியம். 1891-லும் 1925-லும் போட்ட சட்டங்கள் இருக்கின்றனவே, அவை இருப்பதே மக்களுக்குத் தெரியாது என்று கமிட்டி கண்டுபிடித்தது. நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் பேப்பர் படிக்கிற கொஞ்சம் பேருக்கும் தெரியும். கிராமத்தில் இருந்த அப்பனுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. எந்த இரண்டு வருடத்துக்காகக் கல்கத்தாவில் அத்தனை பெரிய கூட்டங்கள் நடந்தனவோ, அந்த இரண்டு வருடம் முப்பத்தெட்டு வருடம் ஆகியும் ஊருக்குள் போய்ச் சேரவில்லை. அதனால் கமிட்டி வெறும் வயதை மட்டும் சிபாரிசு செய்யவில்லை. பிறப்பையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும், சட்டத்தை மக்களிடம் பரப்ப வேண்டும் என்றும் எழுதியது.

1929 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18, எல்லா மதத்தவருக்கும். சென்னையைச் சேர்ந்த எம்.கே. ஆச்சார்யா கடைசிவரை எதிர்த்துப் பேசினார், ஜின்னா ஆதரித்தார். ஆனால் கமிட்டி கேட்டதில் வயது மட்டும் வந்தது, பதிவும் பிரச்சாரமும் வரவில்லை. அதோடு சட்டத்தில் இருந்த ஓட்டைகளைப் பாருங்கள். போலீஸ் தானாக நடவடிக்கை எடுக்க முடியாது, யாராவது கோர்ட்டுக்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவர் 100 ரூபாய்க்கு ஜாமீன் பத்திரம் எழுதித்தர வேண்டும். ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் அதுவும் போச்சு. நடந்த திருமணம் செல்லும். அதிகபட்ச தண்டனை ஒரு மாத ஜெயிலும் ஆயிரம் ரூபாய் அபராதமும். சொந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் மேல் யார் 100 ரூபாய் கட்டிப் புகார் கொடுப்பார்கள்?

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. செப்டம்பரில் நிறைவேறிய சட்டம் அமலுக்கு வந்த நாள் 1930 ஏப்ரல் 1. இடையில் ஆறு மாதம். 'ஏப்ரலுக்குப் பிறகு கல்யாணம் பண்ண முடியாதாம்' என்ற வதந்தி மட்டும் காட்டுத்தீ மாதிரி பரவியது. ஏன் கூடாது, 13 வயதில் கர்ப்பமானால் என்ன ஆகும் என்ற செய்தி போகவில்லை. விளைவு, நாடு முழுக்க அவசர அவசரமாகக் குழந்தைத் திருமணங்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகளுக்குக்கூடத் தாலி கட்டினார்கள். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்ட மனைவிகள் சுமார் 85 லட்சம். 1931-ல் அது 1 கோடியே 20 லட்சத்தையும் தாண்டியது. ஐந்து வயதுக்குக் கீழ் இருந்த மனைவிகளின் எண்ணிக்கை இரண்டு லட்சத்துச் சொச்சத்திலிருந்து எட்டு லட்சமாக, அதாவது ஏறக்குறைய நான்கு மடங்கானது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சட்டம், வந்த வேகத்தில் அதைக் கூட்டிவிட்டது! சட்டம் அமலான முதல் இரண்டு வருடச் சொச்சத்தில் போடப்பட்ட வழக்குகள் 473தான், தண்டனையில் முடிந்தவை 167. பிரிட்டிஷ் எம்.பி. எலினார் ராத்போன் இந்தக் கணக்குகளையெல்லாம் வைத்து 1934-ல் ஒரு புத்தகமே எழுதினார். வசதி இருந்தவர்கள் எல்லை தாண்டி சமஸ்தானங்களிலும் பிரெஞ்சுப் பகுதிகளிலும் போய்க் கல்யாணத்தை முடித்துக்கொண்டு வந்தார்கள்.

அப்படியானால் சாரதா சட்டம் வீணா? அப்படிச் சொல்லமாட்டேன். அதுவரை "சம்பிரதாயம்" என்று இருந்ததை முதல்முறையாக "குற்றம்" என்று சொன்ன சட்டம் அது. பெண்கள் அமைப்பாகச் சேர்ந்து கேட்டு வாங்கிய முதல் பெரிய சட்டமும் அதுதான். ஆனால் காகிதத்தில் எண்ணை மாற்றுவது ஒரு வேலை, அந்த எண் எதற்காக என்பதை ஒரு தாய்க்குப் புரியவைப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு இருந்த ஆட்கள் இரண்டாவது வேலைக்கு இல்லை.

பிறகு வயது ஏறிக்கொண்டே போனது. 1949-ல் 15. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. 2006-ல் குழந்தைத் திருமணத் தடைக்குப் புதிய சட்டம், 2012-ல் போக்சோ. மனைவி 15 வயதைத் தாண்டியிருந்தால் கணவன் மேல் பாலியல் வன்முறைக் குற்றம் இல்லை என்ற பழைய விதிவிலக்கை உச்ச நீதிமன்றம் 2017-ல் 18 ஆக்கியது. பத்தில் தொடங்கிப் பதினெட்டுக்கு வர 157 வருடம்!

உண்மையில் சிறுவயதுத் தாய்மை வேகமாகக் குறைந்தது எப்போது? தேசிய குடும்ப நல ஆய்வைப் பார்த்தால், 2005-06-ல் 20-24 வயதுப் பெண்களில் 47 சதவீதம் பேர் 18-க்கு முன்பே திருமணம் ஆனவர்கள். 2019-21-ல் அது 23 சதவீதம். 15-19 வயதில் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தார்கள். சாரதா சட்டம் வந்து 76 வருடம் கழித்தும் பாதிப்பேருக்குச் சிறுவயதுத் திருமணம், அடுத்த பதினைந்தே வருடத்தில் அது பாதியாகிறது. 18 என்ற எண் 1978-லிருந்தே அங்கேதான் இருக்கிறது. மாறியது பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த வருடங்கள். கூடவே சாலை, சைக்கிள், டிவி, வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்.

தமிழ்நாட்டில் இதைக் கொஞ்சம் முன்னாலேயே புரிந்துகொண்டார்கள். 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. மணப்பெண்ணுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும், அப்படியானால் பணம். (பிறகு படிப்புத் தகுதி பத்தாம் வகுப்பானது.) கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பது சரியா என்று வாதாடலாம். ஆனால் ஏழை வீட்டில் 'எட்டாவது முடிக்கட்டும், 18 ஆகட்டும்' என்று ஒரு அம்மா சொல்ல அது ஒரு காரணம் கொடுத்தது. ஜோஷி கமிட்டி கேட்ட பிரச்சாரம் என்பது இதுதானோ என்று தோன்றுகிறது. 2022-ல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் என்று மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் என்றானது.

ஆனால் ஒரு இடறல் இருக்கிறது. 2015-16-க்கும் 2019-21-க்கும் இடையே தமிழ்நாட்டில் 18-க்கு முந்தைய திருமணம் 16.3-லிருந்து 12.8 சதவீதமாகக் குறைந்தது. அதே காலத்தில் 15-19 வயதில் தாயான அல்லது கர்ப்பமான பெண்கள் 5 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். வங்காளத்தில் நிலைமை இன்னும் மோசம், அங்கே இது 16.4 சதவீதம். 1891-ல் நாட்டிலேயே பெரிய விவாதம் நடந்த மண் அது!

சட்டத்தை மட்டும் தடிபோல எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அஸ்ஸாம் ஒரு உதாரணம். 2023 பிப்ரவரியில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராக ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். கணவன் ஜெயிலுக்குப் போய்விடுவானே என்று பயந்து கர்ப்பிணிச் சிறுமிகள் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர்த்ததாகச் செய்திகள் வந்தன. இந்தக் கைதுகள் மக்களின் வாழ்க்கையைக் குலைப்பதாகக் குவாஹாத்தி உயர் நீதிமன்றமே சொன்னது. 1930-ல் பயந்துபோய் அவசரமாகக் கல்யாணம் செய்தார்கள், 2023-ல் பயந்துபோய் வீட்டில் ஒளிந்துகொண்டார்கள். யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவளுக்கு இரண்டு தடவையும் ஆபத்துதான் கூடியது.

நம் ஊரிலும் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவர் போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்பது போக்சோ சட்டம். அதனால் வீட்டில் மறைக்கிறார்கள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குகிறார்கள், போலி டாக்டரிடம் போகிறார்கள்.

எனவே கடைசியாகச் சில தகவல்களை மட்டும் எழுதிவிடுகிறேன், நண்பர்களே. தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். கருக்கலைப்பு இந்தியாவில் 1971-லிருந்து சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். 18 வயது நிரம்பாதவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு 24 வாரம் வரை செய்யலாம், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. அந்தச் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யலாம். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். நூறு ரூபாய் ஜாமீன் எல்லாம் கட்ட வேண்டாம்.